நல்ல வாய்

டாக்டர், அக்காவின் வாயைக் கெடுத்தது பாக்கு. கெட்ட வாயை நல்ல வாய் என்று பெட்டியில் அடுக்கி வைத்தது நீங்கள். இதை உங்கள் அறையில் நின்று சொன்னபோது கதவைச் சாத்தச் சொன்னீர்கள். சாத்தினேன். பேசியது அந்த அறையோடு போய்விட்டது. இனி எல்லோரும் படிக்கட்டும்.

படிப்பவர்களுக்கு முதலில் விவரம் சொல்லிவிடுகிறேன். வாயில் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. அதற்கு வெகுநாள் முன்னாலேயே கன்னத்தின் உட்பக்கத்துச் செல்கள் மாறத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். சின்ன பிரஷ்ஷால் கன்னத்துக்குள் சுழற்றிச் சுரண்டி, வந்ததைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி வைத்தால், மாறிய செல்லைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலை இதுதான். சாயம் ஏற்றுவது நான். ஊர் ஊராகப் போய் வாயிலிருந்து மாதிரி எடுத்தவர், நான் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண். முகாம் நாட்களில் நானும் அவரோடு போவேன்.

அவர் நர்ஸ் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. "நர்சுன்னா உக்காரச் சொல்றாங்க. ஆராய்ச்சின்னா யாரு ஒன்ன அனுப்புனதுன்னு கேக்குறாங்க. எது நல்லது, நீயே சொல்லு" என்பார்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: யாரும் முன்வராத இடத்தில் அவர் முதலில் தன்னைக் கொடுப்பார். "இந்தா, எனக்கு மொதல்ல எடுக்குறேன், பாருங்க" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. பஞ்சாயத்து ஆபீஸ் வராண்டாவில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். வாயைத் திறங்க என்றால் ஒருத்தரும் திறக்க மாட்டார்கள். அக்கா புது பிரஷ் ஒன்றைப் பிரித்து, தன் வாயைத் திறந்து, இடது கன்னத்தில் விட்டு நன்றாகச் சுழற்றி எடுத்து எல்லோருக்கும் காட்டுவார்.

"பாத்தீங்களா? ரத்தம் வந்துச்சா? நான் அழுதேனா?"

"இது பல்லு வெளக்குற பிரஸ்ஸா ஆத்தா?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"அது பல்லு இருக்கவங்களுக்கு. இது ஒங்கள மாதிரி ஆளுக்குன்னே செஞ்சது."

கிழவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை அக்கா விடவில்லை. அப்படியே பிரஷ்ஷை உள்ளே விட்டுவிட்டார். கறம்பக்குடிப் பக்கம் கடலை போடுகிற ஒரு பெரியவர், "நான் வாயத் தொறந்தா ஊரு தாங்காது நர்சம்மா" என்று பின்னால் நகர்ந்தார். "அதுக்குத்தானே பெரியப்பா மாஸ்க்கு போட்டுட்டு வந்திருக்கேன், தொறங்க" என்றார் அக்கா. பெரியவர் திறந்தார். அன்றிலிருந்து நாங்கள் எப்போது அந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெரியவர்தான் முதலில் வந்து நிற்பார்.

வராண்டாவுக்கு வராதவர்களை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். வீடு என்றால் முதலில் வெற்றிலைத் தட்டு வரும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் நான் சொல்லிப் பார்த்தேன். "எங்க வீட்டுத் தட்டு ஒங்களுக்கு ஆகாது. எங்க வாயி மட்டும் ஒங்களுக்கு வேணுமாக்கும்?" என்று அந்த வீட்டம்மா கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெற்றிலையையும் புகையிலையையும் தள்ளிவிட்டு, ஒரு பாக்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இது போதும்த்தா, வண்டிக்குப் போற ஆளு" என்றார். அந்த அம்மா உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சந்தை ஊர்களில், வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வந்து போகிற வீடுகளில், வாசனைப் பாக்கைப் பொட்டலத்தோடு கையில் திணிப்பார்கள். அதையும் வாங்கிக்கொள்வார்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "என்னக்கா, நம்மளே போயிலைய விடுங்கன்னு சொல்லிட்டு, நீங்க பாக்கப் போட்டா எப்புடி?"

"பாக்கு கெடுதல்னு எனக்குத் தெரியாதா ஏத்தா? ஒரு துண்டுதான். அத எடுத்தா அவங்க வாயத் தொறக்குறாங்க. எடுக்காட்டி அந்தத் தெருவுலயே ஒரு வாயும் தொறக்காது."

ஒரு துண்டுதான் என்பது ஒரு வீட்டுக் கணக்கு. அன்றைக்குப் போன வீடுகள் எத்தனை என்று அவர் எண்ணவில்லை. ஒரு வீட்டுப் பாக்கு கன்னத்தில் கரைவதற்குள் அடுத்த வீட்டுத் தட்டு வந்துவிடும். அதுவும் எப்போதும் இடது கன்னத்தில்தான் ஒதுக்குவார். வெளியூர் போனால் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது என்பதால் தண்ணீர் குடிக்க மாட்டார், சாப்பிடவும் மாட்டார். பசிக்கும் அதே பாக்குதான். இந்த வேலை அவருக்குக் கொடுத்த சாப்பாடு அது.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டருக்கு எதுவும் தானாகத் தெரியாது. இது நல்ல செல், இது கெடத் தொடங்கிய செல் என்று நாம் காட்டிக் கொடுக்க வேண்டும். கெட்ட வாய்களுக்குப் பஞ்சமில்லை. நல்ல வாய்கள்தான் கிடைக்கவில்லை. வெற்றிலை, புகையிலை தொடாத ஆட்கள், "எனக்குத்தான் ஒன்னுமில்லையே, நான் எதுக்கு வரணும்?" என்று போய்விடுவார்கள். கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீடு என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். புற்றுநோய்க்காரர்கள் வந்து போனார்கள் என்று பேச்சு கிளம்பினால் பெண் கேட்டு யார் வருவார்கள்?

டாக்டர் ஒரு நாள் எங்கள் இருவரையும் நிறுத்திக் கத்தினார். "கெட்டது மட்டும் கொண்டுவந்து கொட்டுறீங்க. நல்லது எங்கே? நல்லது இல்லாம நான் எதை வச்சு ஒப்பிடுறது?"

அக்கா அப்போதும் அதையேதான் செய்தார். "என்னோடது இருக்கு சார். ஊர்ல காட்டுறதுக்கு எடுக்குறதெல்லாம் ஸ்லைடுல போட்டுத்தான் வச்சிருக்கேன். வீணாக்கல."

"புகையிலை போடுவீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? நல்ல வாய்தான்."

அவ்வளவுதான் பரிசோதனை. பாக்கு போடுவீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை டாக்டர். பாக்கும் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமா? வாயைத் திறங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டார்ச் உங்கள் மேசையில்தான் இருந்தது. ஊர் முழுக்க வாயைத் திறக்க வைத்த பெண்ணின் வாயை நீங்கள் ஒரு முறையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

அதன்பிறகு ஒவ்வொரு முகாமிலும் அக்காவின் ஸ்லைடு ஒன்று, கம்ப்யூட்டருக்குக் காட்ட வைத்திருந்த நல்ல வாய்ப் பெட்டிக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். எல்லாம் ஒரே ஆளுடையதாக இருக்கலாமா என்று நான் உங்களிடம் கேட்டேன். "யாரோடதா இருந்தா என்னம்மா? நல்லது நல்லதுதான். நீ சாயத்தைப் பாரு" என்றீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அக்காவுக்கு இதில் பெருமை. என்னிடம் கன்னத்தைத் தட்டிக் காட்டுவார். "இந்தக் கன்னத்த வச்சுத்தான் ஊருக்கே நல்லது கெட்டது பாக்குறாங்க. ஒங்க மாமாவுக்கு இதோட அரும தெரியல."

அக்காவுக்குக் காரம் ஆகாமல் போனது எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கினால் சட்னியைத் தொடமாட்டார். பிறகு வடையில் கிடக்கும் மிளகாயை எடுத்துப் போட்டார். பிறகு வடையையே நிறுத்திவிட்டார். "வாயி எரியுது, சூடு" என்பார். பச்சைப்பிள்ளை நாக்கு என்று கேலி செய்தேன். கொட்டாவி விடும்போது பாதியில் நிறுத்தித் தாடையைப் பிடித்துக்கொள்வார். பெரிதாகச் சிரிக்கிற ஆள், உதட்டை மூடிச் சிரிக்கப் பழகினார்.

அந்தக் கடலைக்காரப் பெரியவருக்குக் கம்ப்யூட்டர் முடிவு வந்தது. மாற்றம் எதுவும் இல்லை. அதை அவரிடம் சொல்லச் சொல்லி அக்காவை அனுப்பினார்கள். அக்கா சந்தோஷமாகத்தான் போய்ச் சொன்னார். பெரியவர் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு, "மிசினே சொல்லிருச்சுப்பா. என் வாயி தங்கம்" என்று அங்கேயே ஒரு வாய் வெற்றிலையை மடித்துப் போட்டார். "அப்ப போயிலைய விட்டுட்டு அதப் போடுங்க" என்று அக்கா கையைப் பிடித்தார். "தங்கத்துக்கு என்ன ஆத்தா ஆகப்போகுது" என்றார் அவர்.

அடுத்த மழைக்காலம் முடிந்து நாங்கள் அந்த ஊருக்குப் போனபோது அவர் முதலில் வந்து நிற்கவில்லை. வீட்டுக்குப் போனோம். கஞ்சியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா கையுறை போட்டுக்கொண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினார். தடவிய கை அங்கேயே நின்றது.

"பெரியப்பா, நாளைக்கே தஞ்சாவூரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"மிசின் நல்லாருக்குன்னு சொல்லுச்சே ஆத்தா?"

அக்கா கையுறையை உருவிப் பையில் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். நாங்கள் கடைசி சீட்டில் ஜன்னலோரம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எழுந்து இறங்கக்கூட வழியில்லை. வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு முறை உண்டு. மூன்று விரலைச் சேர்த்து நெட்டாகப் பல்லுக்கு நடுவே வைக்கச் சொல்லுவோம். மூன்றும் போனால் சரி; போகாவிட்டால் பாக்கு கன்னத்தை இறுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அக்கா அதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். அன்று பஸ்ஸில், அத்தனை பேர் பார்க்க, தன் மூன்று விரலைத் தன் வாயில் வைத்தார். போகவில்லை. இரண்டை வைத்தார். இடித்தது. முன் சீட்டுக் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அக்கா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ஏத்தா, பெரியப்பா வாய எத வச்சு நல்லாருக்குன்னு சொன்னாங்க?"

பதில் எங்கள் இருவருக்கும் தெரியும்: அக்காவின் வாயை வைத்துத்தான்.

அதே சமயத்தில் இன்னொன்று நடந்தது. டாக்டர் முறைப்படி கொஞ்சம் ஸ்லைடுகளை வெளியூரில் இருக்கும் மூத்த மருத்துவர் ஒருவருக்கு அனுப்பியிருந்தார். எது நல்லது, எது கெட்டது என்று சொல்லாமல் அனுப்புவதுதான் வழக்கம். அவர் பார்த்துவிட்டு, நல்ல வாய்ப் பெட்டியிலிருந்து போனவற்றில் பலதைத் தனியாக எடுத்து வைத்துப் போன் செய்தார். "இவங்க எல்லாரையும் உடனே வரச் சொல்லுங்க. சதை எடுத்துப் பார்த்தாகணும்" என்றார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். இவர்கள் எல்லோரும் என்று அவர் ஒரு கூட்டத்தையே நினைத்துக்கொண்டு சொன்னார். அந்தக் கூட்டம் முழுவதும் அக்கா ஒருத்திதான். ஜன்னல் இல்லாத அந்த அறையில் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். "சாயம் சரியில்லை. நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

புதுச் சாயம் கலக்கினேன். அக்கா வாயைத் திறந்தமட்டில் பிரஷ்ஷை விட்டு எடுத்துக் கொடுத்தார். சாயம் ஏற்றி மேசையில் வைத்தேன். "இப்பப் பாருங்க சார். இதுவும் என் சாயமா?" என்றேன். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்போதுதான் கதவைச் சாத்தச் சொன்னார்.

உள்ளே நடந்ததை அப்படியே எழுதுகிறேன் டாக்டர். பொய் என்றால் மறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னீர்கள்: "இப்போ இதைத் தூக்கிப் போட்டா ஆய்வே நின்னுபோகும். உங்க ரெண்டு பேர் வேலையும் போகும். அந்த ஊர்களுக்கு அப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க. அது உங்களுக்குச் சம்மதமா? உங்க வாய்க்கு நான் பொறுப்பு. நல்ல இடத்துல காட்டுறேன். வெளியில பேச வேண்டாம்."

அக்கா சொன்னார்: "என் வாயி கெடக்கட்டும் சார். என் வாய வச்சு நல்லாருக்குன்னு சொல்லி அனுப்புனோமே, அவங்களக் கூப்பிடணும்ல?"

"பார்க்கலாம்."

"எப்ப சார்?"

"பார்க்கலாம்னு சொன்னேன்ல."

அக்கா அங்கே சிக்கிக்கொண்டார். வெளியே சொன்னால் ஆய்வு நிற்கும், ஊருக்கு வாய் பார்க்க வந்துகொண்டிருந்த ஒரே ஆளும் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் அவர் கையால் வாயைத் திறந்தவர்கள் தங்கம் தங்கம் என்று புகையிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எனக்காவது கோபப்படத் தெரியும். அவருக்கு அதுவும் வராது. முதல் ஆளாக வாயைக் கொடுக்கத்தான் தெரியும்.

கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு தன் செலவில் பஸ் ஏறினார். எண்ணுக்குரிய பெயர்கள் எல்லாம் உங்கள் பூட்டுக்குள் இருந்தன. அவருக்கு முகம் தெரியும், வீடு தெரியும். வாசல் வாசலாகப் போய், "இன்னொரு தடவ காட்டிருங்க, பெரிய ஆஸ்பத்திரியில காட்டிருங்க" என்றார். அதற்குள் தாடை இறுகி ஒரு விரல்தான் போனது. பேச்சு பல்லுக்கு உள்ளேயே நின்றது. பாதி பேருக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. நீங்களோ, இந்தப் பெண் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை என்று பஞ்சாயத்துகளுக்குச் சொல்லிவிட்டீர்கள். இலுப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நானும் கூட இருந்தேன். "பாவம், நர்சம்மாவுக்கு மூளைக்கு ஏறிருச்சு போல" என்று அவர் முன்னாலேயே பேசினார்கள். பேசிவிட்டு வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். அக்கா முதல் முறையாகத் தட்டைத் தள்ளிவிட்டார். அவர்கள் முகம் மாறியது. வெளியே வந்துவிட்டோம்.

கடலைக்காரப் பெரியவர் தஞ்சாவூர் போனார். தாமதமாகிவிட்டது. இப்போது அவர் இல்லை.

அக்காவுக்குச் சதை எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் தொடங்கியிருந்தது. இடது கன்னத்தை வெட்டி, தொடைத் தோலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆவூரில் தங்கை வீட்டில் இருக்கிறார். போன வாரம் போனேன். கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் போனதும் தம்ளரை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவர் தங்கைதான் எடுத்துச் சொன்னாள்: "பேரு போடாதேன்னு சொல்றா. பேரப் போட்டா எல்லாரும் இவளப் பாக்க வருவாங்களாம். அவங்க அவங்க வாயப் போய்ப் பாக்கட்டுமாம்."

அதனால் பெயர் போடவில்லை. ஆனால் டாக்டர், நீங்கள் மட்டும் இது யார் என்று கேட்காதீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகப் போகிறதாம். புதுக்கோட்டையில் விழா, மேடை, சால்வை என்று பேசிக்கொள்கிறார்கள். பொதுமக்கள் அனைவரும் வரலாம் என்று போட்டிருக்கிறீர்கள். நாங்கள் பொதுமக்கள்தான். வருகிறோம். அக்கா முன் வரிசையில் உட்காருவார். அவரால் கேள்வி கேட்க முடியாது, அதனால் நான் எழுந்து கேட்பேன்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு நல்லது என்று காட்டிய வாய்களில் எத்தனை ஒரே பெண்ணுடையவை? அவற்றை எடுத்துவிட்டு அதற்குப் புதிதாகச் சொல்லிக் கொடுத்தீர்களா, இல்லை அப்படியே ஊருக்கு அனுப்புகிறீர்களா? ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினீர்களே, அந்த ஆட்களை எந்த நாளில், எந்த ஊரில் திரும்ப உட்கார வைத்துப் பார்க்கப் போகிறீர்கள்?

பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். தேதியைச் சொல்லுங்கள். மைக்கில் சொல்லுங்கள். கறம்பக்குடியிலிருந்தும் இலுப்பூரிலிருந்தும் வந்து உட்கார்ந்திருப்பவர்களின் காதில் விழும்படி சொல்லுங்கள்.